மச்சான் காருக்கு மூளை மாற்றிய கதை

நவம்பர் கடைசி. வாடைக் காற்று பிடித்து, மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த வாரம். காலை பத்தரைக்கு மச்சானிடமிருந்து போன். காற்றின் இரைச்சல், அதையும் மீறி யாரோ இந்தியில் கோபப்படும் சத்தம்.

"மாப்ள, மறுபடியும் படுத்துருச்சு. முகுந்தராயர் சத்திரம் தாண்டி நிக்கிறேன்."

"செல்ஃப் எடுக்குதா மச்சான்?"

"செல்ஃபெல்லாம் நல்லா எடுக்குது. ஸ்டார்ட்தான் ஆகல. இந்தாளு என்னமோ சொல்றாரு, பாஷை புரியல. ஆனா நல்ல வார்த்தை இல்ல."

அந்தக் குடும்பத்தை வேறொரு வண்டியில் ஏற்றிவிட்டு, படகு கட்டுகிற கயிற்றால் காரை ஒரு வேனின் பின்னால் கட்டி, தங்கச்சிமடத்தில் என் கடை வாசலுக்குக் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் மத்தியானம் தாண்டிவிட்டது. அன்றிலிருந்து அந்தக் கார் பத்தொன்பது நாள் என் வாசலில் நின்றது. அதில் பாதி நாள் என் பிடிவாதத்தில் போனது.

நான் கார் மெக்கானிக் கிடையாது. எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்துவிட்டு, விசைப்படகுகளுக்கு ஒயரிங் போடுவது, ஜிபிஎஸ், எக்கோ சவுண்டர், வயர்லெஸ் செட் ரிப்பேர் பார்ப்பது என்று பிழைக்கிறவன். ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். ஊரில் எல்லோருக்கும் வருமானம் நிற்கிற அந்த இரண்டு மாதம்தான் எனக்கு அறுவடை. போட்டெல்லாம் கரையில் சும்மா நிற்கும் இல்லையா? உப்பு செம்பை என்ன செய்யும் என்பது எனக்குத் தெரிந்த அளவு கார் ஒர்க்‌ஷாப்காரர்களுக்குத் தெரியாது என்று உள்ளுக்குள் ஒரு கர்வம் உண்டு. போன ஜூனில் அது இன்னும் ஒரு சுற்று பெருத்தது.

மச்சானுடையது வெள்ளை நிற பெட்ரோல் ஹேட்ச்பேக், 2014 மாடல். அக்காவின் நகையை அடகு வைத்து செகண்ட் ஹேண்டில் வாங்கியது. ராமேஸ்வரம் கோயிலுக்கு வருகிறவர்களைக் கோதண்டராமர் கோயில், தனுஷ்கோடி, அரிச்சல்முனை என்று கூட்டிப்போய்க் காட்டிவிட்டு வருவார். அரிச்சல்முனைக்கு ரோடு திறந்தது 2017ல். அதற்கு முன்னால் மணலிலும் தண்ணீரிலும் வேனும் ஜீப்பும்தான் போகும். இப்போது முகுந்தராயர் சத்திரத்திலிருந்து ஒன்பதரை கிலோமீட்டர் தார் ரோடு, ஒரு பக்கம் அமைதியான பெண்கடல், இன்னொரு பக்கம் அலையடிக்கிற ஆண்கடல். வருகிறவர்கள் இறங்கி போட்டோ எடுக்கிற நேரமெல்லாம் பானட் மேலே உப்புச் சாரல் விழுந்துகொண்டே இருக்கும். ஒரு நாளைக்கு மூன்று நடை. ஆர்சி புத்தகத்தில் அதற்குப் பத்து வயது. உப்புக் கணக்கில் பார்த்தால் கிழடு.

ஜூன் மாதம் அது ஏசி போட்டால் குலுங்கி நின்றுபோக ஆரம்பித்தது. செக் என்ஜின் விளக்கு எரியும், தானாக அணையும். ராமநாதபுரத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டார். ஸ்கேனர் போட்டார்கள், ஆறு கோளாறு எண் வந்தது. "ஈசிஎம் போயிருச்சு, புதுசு போட 38,000 ஆகும்" என்று சொல்லிவிட்டார்கள். அக்கா எனக்குப் போன் செய்து அழாத குறை.

ஈசிஎம் என்றால் தெரியாதவர்களுக்கு: சிலர் ஈசியூ என்பார்கள், எங்கள் பக்கம் பிரெயின் என்றால் உடனே புரியும். ஒரு அலுமினியப் பெட்டி. இந்தக் காரில் பேட்டரிக்குப் பக்கத்தில், கொஞ்சம் தாழ்வாக உட்கார்ந்திருக்கும். என்ஜின் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது, எவ்வளவு காற்று உள்ளே போகிறது, தண்ணீர் எவ்வளவு சூடு என்று சென்சார்கள் சொல்வதைக் கேட்டு, எந்த சிலிண்டருக்கு எப்போது எவ்வளவு பெட்ரோல், எப்போது தீப்பொறி என்று முடிவு செய்வது அதுதான். அந்த சென்சார்களுக்குச் சோறு போடுவதும் அதுவே. உள்ளே வருகிற 12 வோல்ட்டை 5 வோல்ட்டாகக் குறைத்து அவற்றுக்கு அனுப்பும். இந்த 5 வோல்ட் பின்னால் வரும், ஞாபகம் இருக்கட்டும்.

அந்த ஆறு எண்களைப் பார்த்ததும் எனக்கு உறைத்தது. த்ராட்டில் சென்சார், காற்றழுத்த சென்சார், ஆக்சிஜன் சென்சார், அப்புறம் பி0562, அதாவது வோல்டேஜ் குறைவு. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இத்தனை பேரும் ஒரே வாரத்தில் கெட்டுப்போக மாட்டார்கள். எல்லோருக்கும் பொதுவானது கரண்ட் வருகிற வழியும் திரும்புகிற வழியும். கடலோரத்தில் திரும்புகிற வழியைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். எர்த்.

எர்த்தை ஓம்ஸ் வைத்துப் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். மீட்டர் அனுப்புகிற துளிக் கரண்ட்டுக்கு ஒயரில் ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் போதும், பூஜ்யம் காட்டிவிடும். சுமையை ஏற்றிப் பார்க்க வேண்டும். மீட்டரை வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை பேட்டரி மைனஸிலும் மறுமுனையை ஈசிஎம் கப்ளரின் (ஒயர்களெல்லாம் சேர்ந்து பெட்டியில் செருகுகிற இணைப்பு) எர்த் பின்னிலும் பிடித்துக்கொண்டு மச்சானை செல்ஃப் அடிக்கச் சொன்னேன். 0.1 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டியது, 1.4 காட்டியது. செல்ஃப் அடிக்கும்போது பேட்டரியே பத்து வோல்ட் பக்கம் இறங்கிவிடும். அதிலும் 1.4 வழியிலேயே போனால் பிரெயினுக்கு என்ன மிஞ்சும்? அரை மயக்கத்தில் இருப்பவரிடம் கணக்கு கேட்ட மாதிரிதான்.

இடது ஃபெண்டரின் உள்பக்கம் ஒரு போல்ட். அதில் எர்த் ஒயரின் முனையில் அழுத்தியிருக்கிற வளையம், அதாவது லக், பச்சைக் களிம்பு பூத்து, கடலில் வருஷக்கணக்காகக் கிடந்த நங்கூரம் மாதிரி இருந்தது. வெட்டி எறிந்தேன். ஒயரை இரண்டு அங்குலம் பின்னால் சீவி, கடையில் கிடந்த போட்டு லக் ஒன்றை வைத்து அழுத்தி, தகட்டின் பெயிண்ட்டைச் சுரண்டி முறுக்கினேன். மேலே கிரீஸ். லக்கின் கழுத்தில் மஞ்சள் இன்சுலேஷன் டேப் நாலு சுற்று. கார் ஒரே அடியில் ஸ்டார்ட் ஆனது, ஏசி போட்டும் குலுங்கவில்லை. லக்கின் விலை 12 ரூபாய்.

38,000 எங்கே, 12 எங்கே! அதற்கப்புறம் ஐந்து மாதம் நான் பேசிய பேச்சு இருக்கிறதே. டீக்கடையில் எவன் கார் மக்கர் பண்ணுகிறது என்றாலும் "ஈசிஎம் எங்கேயும் போகாதுப்பா, எர்த்தைப் பாரு" என்று டாக்டர் மாதிரி சொல்லிவிட்டு வருவேன். பாதிப் பேருக்கு அது பலித்தும் தொலைத்தது.

ஆகவே நவம்பரில் கார் கயிற்றில் வந்து சேர்ந்தபோதும் என் வாயில் முதலில் வந்தது அதுதான். "எர்த்தாத்தான் இருக்கும் மச்சான், விடுங்க."

சாவியைத் திருப்பினேன். சரியான காரில், ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே செக் என்ஜின் விளக்கு எரியும், பின்சீட்டுப் பக்கம் பெட்ரோல் பம்ப் இரண்டு விநாடி 'ஊங்' என்று முனகும். இங்கே விளக்கும் இல்லை, முனகலும் இல்லை. ஸ்கேனரை மாட்டினேன். ஏர்பேக் பேசியது, பவர் ஸ்டியரிங் பேசியது. இரண்டும் ஒரே புகாரைத்தான் சொல்லின: யு0100, என்ஜின் கன்ட்ரோலோடு தொடர்பு இல்லை. வீட்டில் எல்லோரும் இருக்கிறார்கள், பெரியவர் அறைக்கதவு மட்டும் திறக்கவில்லை.

எர்த்தைப் பார்த்தேன். கப்ளரைக் கழற்றி, அதன் எர்த் பின்னுக்கும் பேட்டரி பிளஸ்ஸுக்கும் நடுவே 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றை மாட்டினால் பளிச்சென்று எரிந்தது. வழியில் இழப்பு 0.03 வோல்ட்தான். "பாத்தீங்களா மச்சான், நான் போட்ட லக்கு கல்லு மாதிரி இருக்கு" என்று பெருமையடித்தேன். இந்த வரியை எழுதும்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது. ஏன் என்று வருகிறேன்.

பேட்டரியிலிருந்து நேராக வரும் பின்னில் 12.4 வோல்ட். சாவி போட்டால் வரும் பின்னில் 12.3. இரண்டிலும் பல்பு எரிந்தது. அடுத்து மெயின் ரிலே, சின்னக் கரண்ட்டால் பெரிய கரண்ட்டைத் திறந்துவிடுகிற சுவிட்ச். இந்தக் காரில் ரிலேயை இழுப்பதே ஈசிஎம்தான். சாவி போட்டதும் அது விழித்து ரிலே காயிலை எர்த்தோடு சேர்க்கும், ரிலே 'டக்' என்று விழும், அதன் வழியாகத்தான் பெரிய கரண்ட் வரும். 'டக்' கேட்கவில்லை. ரிலேயைப் பிடுங்கிவிட்டு, அதன் குழியில் 30, 87 என்று எண் போட்ட இரண்டு ஓட்டைக்கும் நடுவே ஒரு துண்டு ஒயரைச் செருகினேன். அது இழுக்காததை நான் இழுத்துவிட்டேன். கரண்ட் போனது. விளக்கு எரியவில்லை.

வரவேண்டிய கரண்ட் எல்லாம் வந்தாச்சு, போகிற வழியும் சரி, ஆள் மட்டும் எழுந்திருக்கவில்லை. இந்த இடத்திலேயே நான் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். அன்றைக்குத் தேதி ஒன்றுதான் ஆகியிருந்தது, அதாவது கார் வந்த மறுநாள்.

ஒப்புக்கொள்ளாமல் இருப்பதற்கு நியாயமான காரணம் ஒன்று கிடைத்தது என்பதையும் சொல்ல வேண்டும். த்ராட்டில் சென்சாரின் கப்ளரில் 5 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 0.00 காட்டியது. ஒரே 5 வோல்ட் கோட்டிலிருந்து நாலைந்து சென்சார்கள் சாப்பிடும். அதில் ஒன்று உள்ளே ஷார்ட் ஆனால் மொத்தக் கோடும் படுத்துவிடும், பிரெயினும் சேர்ந்து மயங்கிக் கிடக்கும். ஏசி பைப்பில் இருக்கிற சுண்டுவிரல் அளவு பிரஷர் சென்சார் செத்துப்போனதற்கு ஈசிஎம் மாற்றிக் காசை விட்டவர்கள் உண்டு. ஆகவே ஒவ்வொன்றாகக் கழற்றினேன். த்ராட்டில், காற்றழுத்தம், ஏசி பிரஷர், கேம்ஷாஃப்ட். ஒவ்வொன்றுக்கும் மீட்டரைப் பார்த்தேன். 0.00. எல்லாவற்றையும் கழற்றிய பிறகும் 0.00.

சரி, ஒயர் எங்கேயாவது உரசி பாடியில் பட்டிருக்கும். ஒயரிங் கட்டைப் பிரித்தேன். போட்டு வேலைக்கு நடுவில் நடுவில் இதற்கே நாலு நாள். பானட்டுக்குள் பேட்டரித் தட்டிலிருந்து ரேடியேட்டர் ஓரம் வரை, பிறகு ஃபயர்வால் (என்ஜினுக்கும் சீட்டுக்கும் நடுவே இருக்கிற தகடு) வழியாக டேஷ்போர்டு வரை. எங்கேயும் உரசல் இல்லை. கேன் லைனைப் பார்த்தேன். 1986ல் பாஷ் கம்பெனி அறிமுகப்படுத்திய ஏற்பாடு அது. காரில் இருக்கிற பெட்டிகளெல்லாம் இரண்டே கம்பியில் பேசிக்கொள்ளும். அந்தக் கம்பியின் இரண்டு கோடியிலும் ஆளுக்கு ஒரு 120 ஓம்ஸ் ரெசிஸ்டர் இருக்கும். பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஸ்டியரிங்குக்குக் கீழே ஸ்கேனர் மாட்டுகிற கப்ளரில் 6ஆம் பின்னுக்கும் 14ஆம் பின்னுக்கும் நடுவே அளந்தால், இரண்டு 120ம் பக்கம் பக்கமாகச் சேர்ந்து 60 வர வேண்டும். வந்தது. ஈசிஎம் கப்ளரைக் கழற்றினால் 120 ஆனது. பேச்சுக் கம்பி கடைசி வரை முழுசாக இருக்கிறது, கோடியில் உட்கார்ந்திருக்கிற ஆள்தான் பேசவில்லை என்று மீட்டர் எனக்கு எழுதியே கொடுத்துவிட்டது.

அப்போதும் நான் பெட்டியைத் திறக்கவில்லை. இக்னிஷன் சுவிட்சைக் கழற்றினேன். ஃபியூஸ் பாக்ஸைத் தலைகீழாகக் கவிழ்த்தேன். சொன்னால் சிரிப்பீர்கள், வைப்பர் மோட்டார் எர்த்தைக்கூடச் சுத்தம் செய்தேன்.

எட்டாவது நாளோ ஒன்பதாவது நாளோ, மச்சான் டீ வாங்கிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். கார்த்திகை மாதம், மாலை போட்ட ஐயப்ப சாமிகள் பஸ் பஸ்ஸாக ராமேஸ்வரத்தில் வந்து இறங்குகிற நேரம். மச்சானுக்கு வருஷத்திலேயே நல்ல ஓட்டம் அப்போதுதான். வாடகைக்கு ஆட்டோ எடுத்து ஓட்டிக்கொண்டிருந்தார்.

"மாப்ள, ஒண்ணு கேக்கவா, கோவிச்சுக்காத."

"கேளுங்க."

"பிரெயினா இருக்குமோ?"

நான் பதில் சொல்லவில்லை. டீயைக் குடித்தேன். அன்று ராத்திரி கடையை மூடிவிட்டுப் பெட்டியைத் திறந்தேன்.

மூடியைச் சுற்றி சிலிக்கான் வைத்து ஒட்டியிருந்தார்கள். ஹீட் கன்னால் இளக்கி, மெல்லிய பிளேடை ஓட்டித் தூக்க வேண்டியிருந்தது. அடைப்பில் ஒரு இடத்தில்கூட விரிசல் இல்லை. ஆனால் உள்ளே, கப்ளர் பின்கள் போர்டில் இறங்கும் ஒரு மூலையில் மட்டும் வெள்ளையும் பச்சையுமாகப் பொருக்கு. விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். கரித்தது. பெட்டிக்கு வெளியே தண்ணீர் நுழைந்த தடமே இல்லை, உள்ளே கடல்.

லென்ஸ் வைத்துப் பார்த்தால், 12 வோல்ட்டை வாங்கி 5 வோல்ட்டாகப் பிரித்துக் கொடுக்கிற பவர் ஐசியின் மூன்று கால்கள் அரித்துப்போயிருந்தன. பொருக்கு எந்தப் பின்னைச் சுற்றி அதிகமாக இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தேன். பின் எண்ணை ஒயரிங் படத்தோடு ஒப்பிட்டேன். எர்த் பின்.

டார்ச்சை எடுத்துக்கொண்டு வெளியே போய் பானட்டைத் தூக்கினேன். என் 12 ரூபாய் லக். நான் சுற்றிய மஞ்சள் டேப் என்ஜின் சூட்டில் பசை இளகி, கழுத்திலிருந்து வழுக்கி இறங்கி, ஒயரின் இழைகள் வாயைத் திறந்துகொண்டு நின்றன. லக் இருக்கிற இடம் மேலே, ஈசிஎம் கீழே. ஒயரை லக்கிலிருந்து கப்ளர் வரை, சுமார் ஒன்றரை அடி, நெடுக்காகக் கீறிப் பார்த்தேன். முழு நீளத்துக்கும் செம்பு கறுத்திருந்தது. பக்கத்தில் ஓடுகிற வேறு ஒயர் ஒன்றைச் சோதனைக்குக் கீறினேன். உள்ளே புதுப் பைசா மாதிரி சிவப்பு.

விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிற மாதிரிதான். இழைகளுக்கு நடுவே இருக்கிற மயிரிழை இடைவெளியில் தண்ணீர் தானாக ஓடும், ரப்பர் தோல் அதை வெளியே விடாது. அதோடு பெட்டி வேறு மூச்சு விடும். ஓடும்போது சூடாகி உள்ளே இருக்கிற காற்று விரியும். அரிச்சல்முனையில் நிறுத்திச் சாரல் படும்போது குளிர்ந்து சுருங்கும். சுருங்குகிற காற்று எங்கிருந்தாவது இழுக்க வேண்டும். கம்பெனிக்காரன் போட்ட அடைப்பு அவ்வளவு நன்றாக இருந்ததால், மிச்சமிருந்த ஒரே வாய் நான் திறந்துவைத்த ஒயர் முனைதான். ஒரு நாளைக்கு மூன்று நடை, ஐந்து மாதம். ஜூனில் நான் அந்தக் காரைப் பிழைக்கவும் வைத்தேன், அதே கையோடு விஷமும் வைத்தேன்.

பல்பு டெஸ்ட்டில் எப்படித் தப்பியது என்று கேட்பீர்கள். கம்பி கறுத்திருந்தது, அறுந்திருக்கவில்லை. கரண்ட் நன்றாகவே போனது. தண்ணீரும் போனது என்பதை மீட்டர் சொல்லாது.

இதில் கேவலம் என்னவென்றால், போட்டில் நான் இப்படிச் செய்யவே மாட்டேன். போட்டுக்கு வெள்ளீயம் பூசின கம்பி, பசை வைத்த ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ். சூடு காட்டினால் பசை உருகி வாயை அடைத்துக்கொள்ளும். கார்தானே, பானட்டுக்குள் இருப்பதுதானே என்று டேப்போடு விட்டுவிட்டேன்.

போர்டைப் பிழைக்க வைக்க இரண்டு நாள் முயற்சி செய்தேன். ஐபிஏ என்கிற ஆல்கஹால் ஊற்றி பிரஷ் போட்டு உப்பை எடுத்தேன். அரித்துப்போன கால்களுக்கு முடி மாதிரி ஒயர் வைத்து ஒட்டினேன். காரில் மாட்டிச் சாவியைத் திருப்பினால் விளக்கு எரிந்தது! பம்ப் முனகியது, கார் ஸ்டார்ட் ஆனது. அக்கா மகன் கைதட்டினான். இருபது நிமிஷம் ஓடி, தானாக நின்றது. மறுபடி ஸ்டார்ட் ஆனது. மறுபடி நின்றது. மச்சான் "இப்படியே ரெண்டு வாரம் ஓட்டிக்கிறேனே மாப்ள, சீசன் முடியட்டும்" என்று கெஞ்சினார். இரண்டு கடலுக்கு நடுவில் போகிற ரோட்டில், குழந்தை குட்டிகளை ஏற்றிக்கொண்டு, ஓவர்டேக் எடுக்கும்போது என்ஜின் அணையலாம் என்று தெரிந்த காரை எப்படிக் கொடுப்பது? கழற்றிவிட்டேன். அந்த இருபது நிமிஷம் வேறொரு விஷயத்துக்கு உதவியது. உள்ளே எழுதியிருக்கிற விவரமெல்லாம் கெடாமல் இருக்கிறது என்று தெரிந்தது.

அது ஏன் முக்கியம் என்றால், ஈசிஎம்மை பல்பு மாதிரி வாங்கி மாட்ட முடியாது. சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள் ஒரு சின்ன சிப் இருக்கிறது. இது நம்ம சாவிதான் என்று அடையாளம் கண்டால்தான் ஈசிஎம் பெட்ரோலைத் திறக்கும். வேறு காரிலிருந்து எடுத்த பெட்டியை அப்படியே மாட்டினால் அதற்கு இந்தச் சாவி அந்நியன். ஸ்டார்ட் ஆகி ஓரிரு விநாடியில் அணையும், அல்லது ஸ்டார்ட்டே ஆகாது. புதுப் பெட்டி வாங்கி கம்பெனி சர்வீஸில் சாவியைப் பழக்குவது ஒரு வழி, அது அந்த 38,000 வழி. இன்னொன்று, அதே எண்ணுள்ள பழைய பெட்டி ஒன்றைத் தேடி, செத்ததில் இருக்கும் விவரத்தை எழுத்துப் பிசகாமல் அதில் ஏற்றிவிடுவது. குளோனிங் என்பார்கள்.

சென்னை புதுப்பேட்டையில் ஒரு கடையில் சொல்லி வைத்தேன். ஸ்டிக்கரை போட்டோ எடுத்து அனுப்பினேன். 6,500 ரூபாய். ஆம்னி பஸ் பார்சலில் ராமநாதபுரத்துக்கு வந்தது. பிரித்துப் பார்த்தால் எண்ணில் கடைசி இரண்டு எழுத்து வேறு. பெட்டி அதே, கப்ளர் அதே, போல்ட் குழி அதே. "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுண்ணே, மாட்டுங்க" என்றார் கடைக்காரர் போனில். ஆகும். உள்ளே ஹார்டுவேர் மாறியிருக்கலாம், ஒரு பின்னின் வேலையே மாறியிருக்கலாம். திருப்பி அனுப்பி சரியானது வர மூன்று நாள். அந்த மூன்று நாளுக்கு மட்டும் நான் பொறுப்பில்லை.

சரியானது வந்ததும் இரண்டு பெட்டியையும் துண்டில் சுற்றிக்கொண்டு மதுரை பஸ் ஏறினேன். அங்கே ஒரு மாடி அறையில் இதையே தொழிலாகச் செய்கிற ஒரு அண்ணன் இருக்கிறார். காரையே தொடுவதில்லை, மேசை மேலே பெட்டியை வைத்து 12 வோல்ட் கொடுத்து லேப்டாப்பில் மாட்டுகிறார். என் ஒட்டுவேலையைப் பார்த்துவிட்டு "போட்டு வேலையா தம்பி?" என்று கேட்டார். எப்படித் தெரிந்தது என்று கேட்கவில்லை. முதலில் செத்ததைப் படித்து இரண்டு கோப்பாகச் சேமித்தார். ஒன்று என்ஜின் ஓட்டுகிற கணக்கு முழுவதும், இன்னொன்று சாவி விவரமும் சேசிஸ் நம்பரும் இருக்கிற சின்ன சிப்பிலிருந்து எடுத்தது. பிறகு புதுசில் இருப்பதையும் படித்துப் பத்திரப்படுத்திவிட்டு, அப்புறம்தான் எழுதினார். எழுதுகிற அந்தப் பத்துப் பதினைந்து நிமிஷம் கரண்ட் போகக் கூடாது என்று பக்கத்திலேயே ஒரு கார் பேட்டரி இருந்தது. 3,500 வாங்கினார். ஒரு வார்த்தை சொல்லி அனுப்பினார்: "பழசு எதனால செத்துச்சுன்னு தெரிஞ்சுக்காம இத மாட்டாதீங்க."

தெரியும் அண்ணே என்றேன். யாரால் என்று சொல்லவில்லை.

மாட்டுவதற்கு முன் ஈசிஎம் ஓட்டுகிற சாமான்களையெல்லாம் அளந்தேன். இன்ஜெக்டர் ஒவ்வொன்றும் 12லிருந்து 14 ஓம்ஸுக்குள், நாலும் ஒரே மாதிரி. பெட்ரோல் ஆவி வால்வு, ரிலே காயில்கள், எல்லாம் சரி. இதில் ஒன்று ஷார்ட்டாக இருந்தால் புதுப் பெட்டியின் உள்ளே அதை ஓட்டுகிற டிரான்சிஸ்டர் முதல் நாளே எரிந்துவிடும். எர்த் ஒயரைக் கப்ளர் வரை மொத்தமாக எடுத்துவிட்டு, வெள்ளீயம் பூசின போட்டு ஒயர் போட்டேன். பசை ஸ்லீவ், லக்கின் வாய் கீழே பார்க்க. ஒயரைக் கப்ளருக்குக் கீழே ஒரு வளைவு இறக்கி மேலே ஏற்றினேன். வெளியே வழிகிற தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். கப்ளரில் களிம்பு பிடித்திருந்த பின்னையும் மாற்றினேன்.

பேட்டரி மைனஸைக் கழற்றி வைத்துவிட்டு, பெட்டியை மாட்டி, நாலு போல்ட்டை முறுக்கி, பிறகு மைனஸைச் சேர்த்தேன். சாவி. விளக்கு. 'டக்'. 'ஊங்'. ஸ்டார்ட். முதல் கொஞ்ச நேரம் ஐடிலில் ஏறி இறங்கி மூச்சு வாங்கியது. த்ராட்டில் எங்கே நிற்க வேண்டும் என்று அது கற்றுக்கொள்கிற நேரம் அது. ஸ்கேனரில் கோளாறு எதுவும் இல்லை.

ஓட்டிப் பார்க்க மச்சானும் நானும் பாம்பன் பாலம் தாண்டி மண்டபம் வரை போனோம். திரும்பும்போது பாலத்தின் மேலே வைத்துச் சொன்னேன். லக், டேப், திரி, எல்லாம். அவர் கொஞ்ச தூரம் ஒன்றும் பேசவில்லை. கீழே வடகடலில் ஒரு வத்தைப் படகு போய்க்கொண்டிருந்தது, அதையே பார்த்துக்கொண்டு ஓட்டினார்.

"அப்ப அந்தப் பதினாயிரம்?"

"நான்தான் மச்சான். நீங்க தர வேண்டாம்."

"பஸ் சார்ஜு?"

"அதுவும்."

"ஆட்டோ வாடகை?"

அதற்கு மட்டும் பாதி என்று பேசி முடித்தோம். இப்போது தனுஷ்கோடிக்கு ஏறுகிற ஒவ்வொரு சவாரியிடமும், பாஷை தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், தன் மாப்ள 12 ரூபாயில் ஒரு காரைக் கொன்ற கதையைச் சொல்கிறார் என்று அக்கா சொன்னாள்.

எனக்கு வேறொரு கவலை. போன தடைக்காலத்தில் ஸ்லீவ் தீர்ந்துபோய், ஒரு வாரம் டேப் சுற்றியே வேலையை முடித்துக் கொடுத்தேன். எந்தெந்தப் போட்டு என்று நோட்டில் குறித்து வைக்கவில்லை. அதனால் கடலுக்குப் போகாத நாளாகப் பார்த்து, ஒவ்வொரு போட்டாக ஏறி, நான் போட்ட லக்குகளை வெட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இதுவரை பதினாலு போட்டு ஆயிற்று. இரண்டில் கறுத்திருந்தது.